போரிஸ் வியான்

போரிஸ் வியான் (மார்ச் 10, 1920 - ஜூன் 23, 1959) பிரான்சு நாட்டைச் சேர்ந்த எழுத்தாளர், பாடலாசிரியர், ட்ரம்பெட் இசைக்கலைஞர், பொறியியலாளர் ஆவார். பிரெஞ்சு மொழியில் வெளிவந்த முதல் ராக் இசைத்தட்டுகளுள் ஒன்று இவர் எழுதிய பாடல்களைக் கொண்டதாகும். 1956 ஆம் ஆண்டில் வேடிக்கையாகச் செய்யப்பட்ட அத்தட்டு, பிரெஞ்சு ராக் வரலாற்றின் தொடக்கத்தில் வைத்துப் பேசப்படுகிறது.

இளமையும் எழுத்தும்

வியான், பாரிசுக்கு அருகிலுள்ள வில் தாவ்ரே என்னும் ஊரில் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் கண்ட வாதக் காய்ச்சலால் இவரது இதயம் பழுதுற்றது. நெடுங்காலம் வாழ இயலாது என்பதை அறிந்தே வளர்ந்தார். எகோல் சாந்த்ரால் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1942 முதல் 1946 வரை பிரெஞ்சுத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றினார். மாலை வேளைகளில் குளோது அபாதியின் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசித்தார். போருக்குப் பின் பாரிசின் சேன் ஜெர்மேன் தே ப்ரே பகுதியின் நிலவறை விடுதிகளில் இவர் நன்கு அறியப்பட்டவரானார். மூச்சைப் பிடித்து ஊதுவது இதயத்துக்குக் கேடு என்பதால் 1950களின் தொடக்கத்தில் ட்ரம்பெட்டைக் கைவிட நேர்ந்தது.

1946 இல் வெர்னன் சல்லிவன் என்னும் கற்பனையான அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரின் பெயரில் ஒரு புதினத்தை எழுதி, தம்மை அதன் மொழிபெயர்ப்பாளர் எனக் காட்டிக்கொண்டார். அந்நூல் பெருமளவில் விற்றது. 1949 இல் தடை செய்யப்பட்டது. வியானுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. ஆனால் சொந்தப் பெயரில் 1947 இல் வெளியிட்ட லெக்யூம் தே ழூர் (நாட்களின் நுரை) அவர் வாழ்நாளில் போதிய கவனம் பெறவில்லை. விளையாட்டாகச் செய்தவை பேசப்பட்டு, மனமொன்றிச் செய்தவை புறக்கணிக்கப்பட்டது இவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

பாடல்களும் ராக் இசைத்தட்டும்

1954 இல், இந்தோசீனப் போர் முடிவுறும் தறுவாயில், இவர் எழுதிய ல தெசெர்த்தர் (படையிலிருந்து ஓடியவன்) என்னும் போர் எதிர்ப்புப் பாடலை முலூஜி மேடையேற்றினார். அது வானொலியில் தடை செய்யப்பட்டது.

1955 முதல் வியான் பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பணியாற்றினார். 1956 இல் இசையமைப்பாளர் மிஷேல் லெகிரான் அமெரிக்காவிலிருந்து ராக் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக் கயானாவில் பிறந்த பாடகர் ஆன்றி சால்வதோரும் வியானும் அவற்றைக் கேட்டு, அதே பாணியில் நான்கு பாடல்களை உருவாக்கினர். ஜாஸ் இசையில் ஊறிய இருவரும் ராக் இசையை உயர்வாக மதிக்கவில்லை; கேலி செய்வதே நோக்கம். ஆகவே ஒருவரும் சொந்தப் பெயரைப் போடவில்லை. வியான் வெர்னன் சின்கிளேர் ஆனார். லெகிரான் மிக் பைக் ஆனார். சால்வதோர், ஒலிப்பதிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் ஹென்றி கோர்டிங் என்னும் பெயரில் பாடினார். பாடற் தலைப்புகளும் சிலேடைகளே: ஒன்று ராக் அண்ட் ரோல் என்பதை ஊறவைத்த மீன் சுருளின் பெயரோடு இணைக்கிறது, மற்றொன்று விக்கலை ராக் ஆக்குகிறது. கேலியாயினும் வாசிப்பில் குறையில்லை. இசைத்தவர்கள் தேர்ந்த கலைஞர்கள்.

அதே ஆண்டில் அலேன் கொராகேரின் இசையில் நடிகை மகாலி நோயெல் பாடிய ஃபே முவா மால் ஜானி என்னும் ராக் பாடலையும் வியான் எழுதினார். கேலியை விட்டுத் தனித்து நிற்கும் ஆற்றல் இப்பாடலுக்கு உண்டு.

மறைவும் பின்னரும்

சல்லிவன் புதினத்தைத் தழுவிய திரைப்படம் வியானுக்கு உடன்பாடில்லாத முறையில் எடுக்கப்பட்டது. 1959 ஜூன் 23 காலை, பாரிசின் பெத்தி மார்பெஃப் திரையரங்கில் அதன் முன்னோட்டக் காட்சி தொடங்கிய சில நிமிடங்களில் மாரடைப்பால் மயங்கிச் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 39.

ஜானி ஆலிடேயின் முதல் தட்டு 1960 மார்ச்சில் வெளிவந்தது. வியான் இறுதியாகச் சேர்ந்திருந்த பார்கிளே நிறுவனமே 1961 இல் லே ஷொசெத் நுவார் குழுவின் தட்டுகளை வெளியிட்டது. 1960களின் நடுப்பகுதியில், பிரான்சிலும் கனடாவின் கியூபெக்கிலும், ஓரிரு தட்டுகளோடு மறைந்துபோன எண்ணற்ற இளைஞர் குழுக்கள் பிரெஞ்சில் ராக் பாடின. அவர்கள் பாடியது கேலியாக அன்று. அக்காலப் பிரான்சில் நான்கு பாடல்கள் கொண்ட சிறு தட்டே வழக்கமான வடிவம்; ஹென்றி கோர்டிங் தட்டும் அவ்வடிவில் வந்ததே.