புள்ளிவிவரப் பேராசான் மகலனோபிஸ்

கரியாஹாட்டையும் அதனை அடுத்த தெருக்களையும் வாழ்விடமாகக் கொண்ட நம் குடும்பங்களில், பிள்ளைகள் என்ன பயில்கிறார்கள் என வினவினால் இந்நாளில் டேட்டாபேஸ், எஸ்.க்யூ.எல்., டேட்டா வேர்ஹவுஸ் என்னும் சொற்களே பெரும்பாலும் செவியில் விழுகின்றன. பெற்றோர்க்கு இவை புதிராகத் தோன்றலாம். ரயில்வே எழுத்தராகிய நமக்கு அவ்வளவு புதிரில்லை. சரக்குக் கொட்டகையில் ஒரு பதிவேட்டில் ரசீது எண்ணும் அனுப்புவோர் பெயரும் இருக்கும். மற்றொன்றில் அதே ரசீது எண்ணும் வாகன் எண்ணும் இருக்கும். மூட்டை ஒன்று காணாமற் போனால், அந்த ரசீது எண்ணைக் கொண்டு இரு பதிவேடுகளையும் இணைத்தே தேடுகிறோம். 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர் இவ்வகை இணைப்பைக் கணித முறையில் வகுத்தளித்தார். அதுவே ரிலேஷனல் டேட்டாபேஸ். பல ஆண்டுப் பதிவுகளை ஒரு களஞ்சியத்திற் சேர்த்து வைத்து, ஒரு முடிவு எடுக்குமுன் அவற்றைக் கேள்வி கேட்பது அதன் அடுத்த படி.

கேள்வி கேட்கும் இக்கலையை, இயந்திரம் ஏதுமில்லாத காலத்தில், இந்நகரிலேயே இருந்து நாட்டிற்குக் கற்பித்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

அவர் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பமொன்றில் பிறந்தார். பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1913-ல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். தமிழராகிய நாம் இங்கே சற்று நின்று செல்ல வேண்டும். ஏனெனில் அவ்வூரில் அவருக்கு நண்பராக வாய்த்தவர் நம் கும்பகோணத்து இராமானுஜன். குளிர்காலத்தில் ஒரு நாள், இரவில் குளிர் வாட்டுகிறது என்றும், மேலங்கியும் சால்வையும் போர்த்தே உறங்குவதாகவும் இராமானுஜன் தெரிவித்தார். மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் பல மெத்தையின்மீது இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது நம்மவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வங்காளத்து நண்பர் அதனைச் செய்து காட்டினார்.

மற்றொரு நாள் அடுப்பில் இராமானுஜன் காய்கறி கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் பத்திரிகைப் புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குட்பட்ட வீடுகள். ஒரு வீட்டிற்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அவ்வீட்டின் எண் யாது? 288 வீடுகளில் 204-ஆம் வீடு என்பதே விடை. மகலனோபிஸ் அதனைச் சில நிமிடங்களிற் கண்டிருந்தார். இராமானுஜனோ, கரண்டியைக் கீழே வைக்காமலே, இப்புதிருக்கு எத்தனை விடைகள் உண்டோ அத்தனையையும் தரும் தொடர்பின்னத்தைச் சொல்லிவிட்டார்.

1915-ல் தேர்வில் முதல் வகுப்பு பெற்றுத் தாயகம் திரும்பும் வேளையில் கப்பல் தாமதமாயிற்று. காத்திருந்த நாட்களில் ஆசிரியர் ஒருவர் காட்டிய பயோமெட்ரிகா என்னும் புள்ளிவிவர ஏட்டின் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே வாசித்தார். பௌதிகம் கற்பிக்க வந்தவர் புள்ளிவிவர இயலின் வசப்பட்டது இவ்வாறே.

இனி வெள்ளத்தின் கதை. 1922-ல் வட வங்காளம் வெள்ளத்தால் அழிந்தபோது, நீர் தேக்கும் பெருங் குளங்களை வெட்டலாம் என்பது நிபுணர் யோசனை. பெரும் பணம் செலவாகும் காரியம். மகலனோபிஸ் சுமார் ஐம்பதாண்டு மழைக் குறிப்புகளையும் வெள்ளக் குறிப்புகளையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். குளங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை எனக் கண்டார். 1926-ல் ஒரிஸாவில் பிராமணி நதி கரையை உடைத்தது. ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். அறுபதாண்டுக் குறிப்புகளை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயரவேயில்லை, மேல்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என நிறுவினார். அவர் கையாண்ட குறிப்புகள் யாவும் அலுவலகங்களில் முன்னரே இருந்தவைதாம். மழைக்கு ஓர் ஏடு, நீர்மட்டத்திற்கு ஓர் ஏடு. தேதியையும் இடத்தையும் கொண்டு இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆளில்லாதிருந்தது. ஏழைக் குடியானவனின் வயலும் குடிசையும் அதனைப் பொறுத்திருந்தன.

பிரசிடென்ஸி கல்லூரியின் பௌதிகப் பகுதியில் ஓர் அறையே ஆய்வுக்கூடமாக இருக்க, 1931 டிசம்பர் 17 அன்று இந்தியப் புள்ளிவிவரக் கழகம் தோன்றியது. முதலாண்டுச் செலவு 238 ரூபாய்! பகுதி நேரக் கம்ப்யூட்டர் ஒருவர் இருந்தார்; அக்காலத்தில் அச்சொல் கணக்குப் போடும் மனிதரையே குறித்தது. 1933-ல் சாங்க்யா என்னும் ஏடு வெளிவந்தது.

1937 முதல் வங்காளத்தின் சணல் விளைச்சலை மதிப்பிடும் பணி வந்தது. எல்லா வயல்களையும் அளக்காமல், குறிப்பின்றித் தெரிந்தெடுத்த சிலவற்றை மட்டும் அளந்து முழுவதையும் கணிப்பது அவர் முறை. ஆனால் அளக்கச் சென்றவர் மர நிழலில் அமர்ந்து மனம்போல் எண்ணை எழுதிவிட்டால் என் செய்வது? ஒரே நிலப்பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். ஒருவர் ஏட்டை மற்றவர் காணலாகாது. இரண்டும் ஒத்துவந்தால் நம்பலாம். வேறுபட்டால், எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதாவது தெரியவரும். பதிவேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு, அவருடைய பெருஞ் சூத்திரங்களைக் காட்டிலும் இந்த ஏற்பாடே வியப்பூட்டுகிறது. அழகான அட்டவணையில் பொய் எண் ஏறிவிட்டால் எந்த இயந்திரமும் அதனை மெய்யாக்காது என்பதை அவர் கணிப்பொறி வருமுன்னரே அறிந்திருந்தார்.

1945-ல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் அடிப்படையை வகுத்தவரும் அவரே. கனரகத் தொழில்களுக்கு அத்திட்டம் தந்த முதலிடம் தகுமா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. அதே 1956-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஹெச்.இ.சி. 2எம் என்னும் இயந்திரம், இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணிப்பொறியாக, கழகத்தில் இயங்கத் தொடங்கியது. பின்னர் சோவியத் நாட்டு யூரல் இயந்திரமும் வந்து சேர்ந்தது.

துணைவியார் நிர்மல்குமாரியும் அவரும் தாகூருக்கு மிக அணுக்கமானவர்கள். பத்தாண்டுகள் விசுவபாரதியின் செயலாளராகவும் இருந்தார். 1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய தினம், காலமானார். 2007 முதல் அவர் பிறந்தநாள் தேசியப் புள்ளிவிவர நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதே 2007-ல் ஆபெல் பரிசு பெற்ற சென்னை ஸ்ரீனிவாச வரதன், இக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவரே.

கழகம் பராநகரில், பாரக்பூர் டிரங்க் சாலையில் இருக்கிறது. காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் பராநகர் நிலையத்தில் இறங்கலாம். மகலனோபிஸ் வாழ்ந்த ஆம்ரபாலி என்னும் இல்லமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி விசாரித்துக்கொள்வது நலம்.