செடிக்கும் உயிர் உண்டே!

கீரை கிள்ளுவதும் கொலையன்றோ என்று சேக்காட்டில் நம் இல்லத்துப் பிள்ளைகள் வினவுகின்றனர். இவ்வினாவை எடுத்து ஆராய்ந்தவர் இராமலிங்க வள்ளலார். 1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தார். 1867இல் வடலூரில் தருமச்சாலை நிறுவிப் பசித்தோர்க்கு உணவளித்தார். 1874இல் மேட்டுக்குப்பத்தில் சித்தி பெற்றார்.

தாவரத்திற்கு உயிர் உண்டென்பதை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் தம் உரைநடை நூலில் அடிகள் மறுத்தாரில்லை. அது தொடுவுணர்வு ஒன்றேயுடைய உயிர். வித்து, காய், கனி, தழை கொள்ளுதல் நகமும் முடியும் களைவதை ஒக்கும். அதனால் செடியின் உயிர்க்குத் துன்பமில்லை என்பது அவர் கருத்து. புலாலோ கொலையின்றி வாராது. இவ்வளவும் நம் நெறிக்கு அணுக்கமே. ஆயினும் அவர் கிழங்கையும் அவ்வரிசையில் சேர்த்தார். கிழங்கில் எண்ணிறந்த உயிர்கள் உறைவதாகக் கொண்டு அதனை விலக்கும் நம்மால் அவ்விடத்தில் உடன்பட இயலவில்லை. கிழங்கை அகழ்ந்தால் செடியும் மடிகின்றதே!