வண்டிப் பட்டையில் வாழும் பெயர்

மன்னர்களுக்குக் கல்வெட்டு உண்டு. மாவீரர்களுக்குச் சிலை உண்டு. பிழைப்பைத் தேடிப் புறப்பட்டு, வழியிலேயே மடிந்து, வழியோரத்திலேயே புதைக்கப்பட்ட எளிய மக்களுக்கு என்ன உண்டு? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஸ்காட்ஸ் பிளஃப் என்னும் குன்றுக்கு அருகே இதற்கு விடை இருக்கிறது. வண்டிச் சக்கரத்திலிருந்து கழற்றிய இரும்புப் பட்டை ஒன்று, ஒரு பெண்மணியின் பெயரைத் தாங்கி அங்கே நிற்கிறது. அவரே ரெபெக்கா விண்டர்ஸ் அம்மையார்.

ரெபெக்கா நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை கிடியன் பர்டிக், அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் முரசு கொட்டும் சிறுவனாக இருந்தவர். ஹைரம் விண்டர்ஸ் என்பவரை மணந்து ரெபெக்கா இல்லறம் நடத்தினார். 1833-ஆம் ஆண்டில் இக்குடும்பம் மார்மன் சமயத்தைத் தழுவியது. 1830-இல் தோன்றிய புதுச் சமயம் அது. அதைப் பின்பற்றியோர் எங்கு குடியேறினாலும் அண்டை அயலாரின் பகை அவர்களைத் துரத்தியது. ஒஹையோ, இல்லினாய்ஸ், அயோவா என்று விண்டர்ஸ் குடும்பமும் ஊர் ஊராய்ப் பெயர்ந்தது. 1844-இல் அச்சமயத்தின் தலைவர் ஜோசப் ஸ்மித் இல்லினாய்ஸில் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். இனி மேற்கே போவதே வழி என்று அம்மக்கள் துணிந்தனர். 1847-இல் முதல் கூட்டம் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1852-இல், விண்டர்ஸ் குடும்பமும் வண்டி பூட்டியது.

அவர்கள் சென்ற நிலம் எத்தகையது? 1820-இல் அப்பகுதியை ஆராய்ந்த ஸ்டீபன் லாங்கின் குழுவினர், தம் வரைபடத்தில் அதனைப் பெரும் அமெரிக்கப் பாலைவனம் என்றே குறித்தனர். மரமற்ற வெளி, ஓயாத காற்று, பிளாட் ஆற்றங்கரையே துணை. 1840 முதல் 1860 வரை ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் மேற்கு நோக்கி நடந்ததாகக் கணக்கிடுகின்றனர். ஒரே ஆற்றங்கரையில், ஒரே தங்குமிடங்களில், கூட்டம் கூட்டமாக அவர்கள் இறங்கினர். முன்னே சென்றவர்களின் கழிவு கலந்த நீரையே பின்னே வந்தவர்கள் அள்ளிக் குடித்தனர். அந்த நீரில் காலரா இருந்தது. காலையில் வண்டியோடு நடந்தவர் மாலையில் பிணமாவது அந்தத் தடத்தில் அரிதன்று.

1852 ஆகஸ்டு 15-ஆம் நாள், ரெபெக்கா அம்மையாரும் காலராவுக்குப் பலியானார். பொதுவாக, வழியில் இறந்தோரை அவசரமாகப் புதைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வார்கள். பனிக்காலத்துக்குள் மலைகளைக் கடந்தாக வேண்டும் அல்லவா? ஆனால் விண்டர்ஸ் குடும்பத்தார் குழியை ஆழமாகத் தோண்டினர். கைவிடப்பட்ட வண்டிகளின் பலகைகளை உள்ளே பரப்பி உடலை அடக்கம் செய்தனர். குடும்ப நண்பர் வில்லியம் ரெனால்ட்ஸ் ஒரு சக்கரப் பட்டையை எடுத்து, அம்மையாரின் பெயரையும் வயது 50 என்பதையும் உளியால் வெட்டினார். பட்டையை வளைத்துக் கல்லறையில் நட்டுவிட்டு அவர்கள் நடந்தார்கள்.

அந்த உளியின் அருமை பின்னர்தான் விளங்கிற்று. ஆயிரக்கணக்கான கல்லறைகள் அத்தடத்தில் அடையாளமின்றி அழிந்தன. மரப்பலகையில் எழுதிய பெயர்கள் மழையிலும் வெயிலிலும் மக்கின. ஓநாய்கள் தோண்டிவிடுமோ என்றஞ்சி, புதைத்த இடத்தின்மேல் வண்டிகளை ஓட்டித் தாமே தடத்தை மறைத்தவர்களும் உண்டு. இரும்பு மட்டும் நிலைத்து நின்றது. 1899-இல் பர்லிங்டன் ரயில்பாதைக்கு நிலம் அளந்தவர்கள் அந்தப் பட்டையைக் கண்டனர். ஒரு தாயின் உறக்கத்தைக் கலைக்க மனமின்றிப் பாதையைச் சற்றே விலக்கி அமைத்தனர் என்று அவ்வட்டாரத்தார் பெருமையுடன் சொல்வர். செய்தியறிந்த அம்மையாரின் வழித்தோன்றல்கள் 1902-இல் அங்கே ஒரு நினைவுக் கல்லை நாட்டினர். ரயில்பாதையோரம் வந்து வணங்குவோரின் பாதுகாப்பைக் கருதி, 1995-இல் கல்லறை சற்றுத் தள்ளி மாற்றி அமைக்கப்பட்டது. பட்டையும் உடன் சென்றது.

அறிவியல் பயிலும் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. ரெபெக்கா இறந்து இரண்டே ஆண்டுகளில், 1854-இல், லண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஒரு தெருக் குழாயின் நீரிலிருந்தே காலரா பரவியதை ஆராய்ந்து காட்டினார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் அக்கிருமியைத் தனித்துப் பிரித்தெடுத்தார். கொதிக்க வைத்த நீர் நோயைத் தடுக்கும். அளவோடு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிரைக் காக்கும். இவ்வளவு எளிய மருந்து! அதை அறியாமல் எத்தனை குடும்பங்கள் தாயை இழந்தன!

ரெனால்ட்ஸுக்கு எல்லிஸ் என்றொரு மகள். அந்தப் பயணத்தின்போது அவளுக்கு வயது ஐந்து. வளர்ந்து, மணமாகிப் பிள்ளைகளும் பெற்ற பின்னர், அவள் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1878-இல் பட்டம் பெற்றாள். மறு ஆண்டே சால்ட் லேக் நகரில் பேறுகாலப் பணியும் செவிலியர் பணியும் கற்பிக்கும் பள்ளியை நிறுவினாள். தந்தையின் கை ஒரு தாயின் பெயரைக் காத்தது. மகளின் கல்வி எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்தது.

பெயரை இரும்பில் வெட்டுவது நன்றிக்கடன். அந்தச் சாவு இன்னொரு வீட்டில் நேராமல் தடுப்பது கல்வியின் கடன். இரண்டையும் நமக்கு நினைவூட்டியபடி ரெபெக்கா அம்மையார் அந்தச் சமவெளியில் துயில்கிறார்.