சியெனா நகர் அர்ச். கத்தரீனம்மாள்

மனிதனுக்கு வாழ்க்கைப்பட மறுத்த ஆண்டாளின் சரிதை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். கடவுளை மணவாளனென்று சொல்வது நம் வேதத்திலும் உண்டா, அது கூச்சமான பேச்சல்லவா என்று சிலர் கேட்கிறீர்கள்.

உண்டு. கத்தரீனம்மாள் 1347-ல் இத்தாலியாவில் சாயக்காரர் மகளாகப் பிறந்தாள். இராஜபாளையத்து நூல் ஆலைகளை அறிந்த நமக்கு அந்தக் குடும்பம் அந்நியமல்ல. கலியாணப் பேச்சு எழுந்ததும் தன் தலைமயிரைக் கத்தரித்துப் போட்டாள். தாய் லாப்பாவுக்குக் கோபம் பொங்கிற்று. வீட்டுவேலை முழுவதையும் அவள்மேல் சுமத்தினார்கள். செபிக்கும் அறையும் பறிபோயிற்று. கடைசியில் தகப்பனார்தான், இவளை இனி ஒருவரும் வருத்தக்கூடாதென்று கட்டளையிட்டார். (நம்மில் எத்தனை தகப்பன்மாருக்கு இந்தத் தைரியம் வரும்?) அதன்பின் அர்ச். சாமிநாதர் மூன்றாம் சபை உடுப்பை உடுத்தினாள்.

பிற்பாடு சேசுநாதர் தோன்றி அவளுக்கு மோதிரம் அணிவித்ததாக அவளுடைய ஆத்தும குரு எழுதி வைத்தார். மோதிரம் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. சித்திரக்காரர்களோ அதை மெய்யான கலியாணமாகவே தீட்டினார்கள். இதில் வெட்கமென்ன? அர்ச். பெர்நர்து ஆண்மகனாயிருந்தும், மனித ஆத்துமத்தை மணவாட்டியென்றே பிரசங்கித்தார். நம்மாழ்வாரும் நாயகியாகப் பாடியவரே.

மோதிரம் பெற்றவள் அறைக்குள் அடைபட்டிருக்கவில்லை. வியாதிக்காரருக்குப் பணிவிடை செய்தாள். அவிஞ்ஞோன் நகருக்கே சென்று, ரோமைக்குத் திரும்பும்படி பாப்பு 11-ம் கிரகோரியாரை வற்புறுத்தினாள்; 1377-ல் அவரும் ரோமை சேர்ந்தார். 33 வயதில், 1380 ஏப்ரல் 29-ல் மரித்தாள். 1970-ல் திருச்சபை அவளை வேதபாரகராக அறிவித்தது.

கத்தரித்த மயிருக்காகக் கோபித்த லாப்பாவும், மகளுடைய அதே சபை உடுப்பைப் பிற்காலத்தில் உடுத்திக்கொண்டாள்.