தேனீ காட்டிய பொருளியல்: ஜே. சி. குமரப்பா

தஞ்சையில் 1892இல் கிறித்தவக் குடியில் தோன்றிய ஜே. சி. குமரப்பா, பம்பாயில் தணிக்கையாளராய்ப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பைத் துறந்தவர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கிராமத் தொண்டே அவர் வாழ்வாயிற்று. 1930இல் உப்பு அறப்போரின்போது, அடக்குமுறையாளர் பக்கம் நின்ற திருச்சபைத் தலைவர்களை இயேசுவின் பெயராலேயே வினவினார். பின்னர்ச் சிறையும் ஏகினார்.

சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த நிலைத்த பொருளியல் பற்றிய நூலில், பிற உயிரை அழித்து வாழ்வதைக் கீழ்ப்படியிலும், மலருக்கும் பயன்தந்து தேன் திரட்டும் தேனீயின் உழைப்பை மேற்படியிலும், கைம்மாறு கருதாத தாயின் தொண்டை உச்சியிலும் வைத்தார். ஆலை அரிசிக்கும் சர்க்கரைக்கும் மாற்றாகக் கைக்குத்தல் அரிசியும் பனைவெல்லமும் நிலைபெறப் பாடுபட்டார்.

கம்பம் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில், கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இறுதிக்காலத்தைக் கழித்தார். காந்தியடிகள் மறைந்த அதே சனவரி 30ஆம் நாளில், 1960இல் இயற்கை எய்தினார். மணம் புரியாத அவருக்கு ஏழை உழவரே சுற்றம்.