அலையை அகலமாக்கிய ஆர்ம்ஸ்ட்ராங்

நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து பொறியியற் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள், செய்தித்தொடர்புப் பாடத்தில் பண்பேற்றம் என்னும் அதிகாரத்தை ஒருநாள் சந்திக்கின்றனர். ஒரு பக்கம் நிறையக் கணக்கு. அடுத்த பக்கத்தில் வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம் என இரண்டு அலைப் படங்கள். அதற்கப்பால் சுழியத்தையும் ஒன்றையும் அனுப்பும் எண்ணியல் முறைகள். தேர்வுக்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டு மேலே செல்கின்றனர். அந்த இரண்டாவது படத்திற்காக ஒரு மனிதர் இருபது ஆண்டுகளையும், ஈட்டிய பெரும்பொருளையும், இல்லற அமைதியையும் ஈந்தார் என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை. கூற அவற்றில் இடமும் இல்லை. ஆகவே அவர் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையிற் பணியாற்றியவர்; அன்னையார் ஆசிரியை. இளமையில் வலிப்புத் தன்மையுடைய நோயொன்று அவரைப் பற்றியது. இரண்டாண்டுக் காலம் பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே இருந்தார். நோய் அகன்றது, ஆயினும் உள்ளம் கலங்கும்போதெல்லாம் தோளும் கழுத்தும் துடிக்கும் இயல்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. 1902இல் குடும்பம் ஹட்சன் ஆற்றை நோக்கிய யாங்கர்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மார்க்கோனியின் வெற்றியைப் படித்து மனம் பறிகொடுத்த சிறுவர், அவ்வீட்டின் மேன்மாட அறையைத் தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். பின்னர் 125 அடி உயரமுள்ள வான்கம்பிக் கம்பமொன்றைத் தாமே எழுப்பினார். பலகை ஊஞ்சலொன்றில் அமர்ந்து, கயிற்றால் தம்மைத் தாமே இழுத்துக்கொண்டு அதன் உச்சிவரை செல்வார். உயரமான இடங்களில் அவருக்கு இருந்த இந்த விருப்பம் நடுவயதிலும் குறையவில்லை.

1909இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சிவப்பு வண்ண மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் யாங்கர்ஸிலிருந்து வந்து போவார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசான் மைக்கேல் புப்பின். ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்கும் மாணவர் அல்லர் ஆர்ம்ஸ்ட்ராங். அளந்து பார்த்த பின்னரே நம்புவார். இப்பழக்கத்தைச் சில ஆசிரியர்கள் விரும்பவில்லை. புப்பின் விரும்பினார்.

அக்காலத்தில் லீ டி ஃபாரஸ்ட் என்பார் ஆக்கிய ஆடியன் என்னும் வெற்றிடக் குழாய் வழக்கிலிருந்தது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆக்கியவரே தெளிவாக அறிந்திலர். மாணவர் ஆர்ம்ஸ்ட்ராங் அக்குழாயின் ஒவ்வொரு மின்னோட்டத்தையும் அளந்தார். 1912இல், குழாயின் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் அதன் உள்ளீட்டிற்கே திருப்பினார். காதணிக் கருவியில் ஈனமாகக் கேட்ட ஒலி, அறை முழுதும் கேட்குமளவு பெருகியது. இன்னும் சிறிது கூட்டியபோது அக்குழாய் தானே அலைகளைப் பிறப்பிக்கலாயிற்று. ஒரே சுற்றில் ஏற்பியும் கிடைத்தது, பரப்பியும் கிடைத்தது. காப்புரிமைக்குப் பணம் வேண்டினார். பட்டம் பெற்ற பிறகு பார்க்கலாம் என்று தந்தையார் மறுத்துவிட்டார். எனவே 1913 ஜனவரி 31 அன்று சுற்றின் வரைபடத்தில் சான்றலுவலரின் கையொப்பத்தை மட்டும் பெற்றுவைத்தார். விண்ணப்பம் அவ்வாண்டு அக்டோபரிலேதான் சென்றது. மகனின் படிப்பில் அக்கறை கொண்ட தந்தை எவரும் செய்வதையே அவரும் செய்தார். ஆயினும் அந்தத் தாமதத்திற்கு விலை பெரிதாயிற்று.

டி ஃபாரஸ்ட் அக்கண்டுபிடிப்பைத் தமதென்று உரிமை கொண்டாடினார். வழக்கு இருபதாண்டுக் காலம் ஓடிற்று. 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்கே தீர்ப்பளித்தது. பொறியியலார் உலகம் இதனை ஒப்பவில்லை. வானொலிப் பொறியியலார் கழகம் தன் முதற் பெருமைப் பதக்கத்தை முன்னரே ஆர்ம்ஸ்ட்ராங்கிற்கு வழங்கியிருந்தது. தீர்ப்பிற்குப் பின் அதனைத் திருப்பிக் கொடுக்கவே அவர் கழகக் கூட்டத்திற்கு வந்தார். கழகம் வாங்க மறுத்தது; கூடியிருந்தோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அவர் சார்பில் அளிக்கப்பெற்ற தீர்ப்பு அது என்று கருதினாலும் தவறில்லை.

முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையின் செய்திப் பிரிவில் அதிகாரியாகப் பாரிஸ் சென்றார். மேஜர் என்னும் பதவிப் பெயர் பின்னர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1918இல் அங்குதான் சூப்பர்ஹெட்டரோடைன் முறையை வகுத்தார். வந்து சேரும் எந்த அலையையும், ஏற்பியிலேயே பிறக்கும் மற்றோர் அலையுடன் கலந்து, நிலையான இடை அதிர்வெண் ஒன்றிற்கு இறக்கிப் பெருக்கும் முறை அது. பல்லாண்டுகளாக நம் வீடுகளில் ஒலித்த வால்வு ரேடியோக்களும் டிரான்சிஸ்டர்களும் பெரும்பாலும் இம்முறையில் அமைந்தவையே. காப்புரிமைகளை விற்றதால் செல்வம் குவிந்தது, ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பங்குகள் ஏராளமாக வந்தன. அந்நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான டேவிட் சார்னாஃப் நெருங்கிய நண்பரானார். சார்னாஃபின் செயலாளராக இருந்த மேரியன் என்னும் மங்கையை 1923 டிசம்பரில் மணந்து, தம் கையாற் செய்த தூக்கிச் செல்லும் வானொலியைத் திருமணப் பரிசாக அளித்தார்.

இனி, அந்த இரண்டாவது அலைப் படத்திற்கு வருவோம். வீச்சுப் பண்பேற்றத்தில், பேச்சிற்கேற்ப ஊர்தி அலையின் உயரம் கூடிக் குறைகிறது. மின்னல், இயந்திரங்களின் பொறி முதலியன உண்டாக்கும் இரைச்சலும் அலையின் உயரத்தையே மாற்றுகின்றது. எது பேச்சு, எது இரைச்சல் என்று ஏற்பி எங்ஙனம் அறியும்? அதிர்வெண் பண்பேற்றத்திலோ உயரம் மாறுவதில்லை. அலைகளின் நெருக்கமே மாறுகிறது. உயரத்தில் ஏற்படும் மாற்றங்களை வெட்டி எறிந்துவிடலாம். பேச்சுக்கு ஊறு இல்லை.

இவ்வெண்ணம் ஆர்ம்ஸ்ட்ராங்கிற்கு முன்னரே இருந்தது. ஆனால் முந்தையோர் அதனைக் குறுகிய இடத்தில் அடக்கவே முயன்றனர். குறுகிய பட்டையுள் நிறைய நிலையங்களைப் புகுத்தலாம் என்பது அவர்தம் ஆசை. ஜான் கார்சன் என்னும் கணித வல்லுநர் 1922இல் இதனை ஆராய்ந்து, இம்முறையால் இடம் மிச்சமாகாது என்று நிறுவினார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதனைப் படித்த பலரும் அதிர்வெண் பண்பேற்றமே பயனற்றது என முடிவுகட்டினர். ஆர்ம்ஸ்ட்ராங் எதிர்த்திசையில் நடந்தார்: குறுக்குவானேன்? அகலமாக்கிப் பார்ப்போமே! பின்னாளில் நிலைபெற்ற அளவின்படி, 15 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள இசையை அனுப்ப ஊர்தி அலையை இருபுறமும் 75 கிலோ ஹெர்ட்ஸ் வரை அசைத்து, ஒரு நிலையத்திற்கு 200 கிலோ ஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கினர். அகலம் கூடக் கூட இரைச்சல் தேய்ந்தது.

1933 டிசம்பர் 26 அன்று காப்புரிமைகள் கிடைத்தன. 1934இல் எம்பயர் ஸ்டேட் மாளிகையின் உச்சியிலிருந்து சோதனைகள் நடந்தன. இடி மின்னலினூடும் இசை தெளிவாகக் கேட்டது. எனினும் தொலைக்காட்சியில் கருத்தூன்றிய ஆர்.சி.ஏ., 1935இல் அவர் கருவிகளை அங்கிருந்து அகற்றச் செய்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் பொறியியலார் கூட்டத்தில், யாங்கர்ஸிலுள்ள நண்பரின் நிலையத்திலிருந்து ஒலிபரப்பிக் காட்டினார். குவளையில் நீர் ஊற்றும் ஓசையும், காகிதம் கிழியும் ஓசையும் அருகில் நிகழ்வனபோற் கேட்டன. பின்னர்த் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு நியூஜெர்சியின் ஆல்பைன் குன்றில் 425 அடிக் கோபுரம் எழுப்பி ஒலிபரப்பலானார்.

ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது. பிற நிறுவனங்கள் விற்பனைக்கேற்ப உரிமைத்தொகை தருகையில் இதற்கு மட்டும் சலுகை எதற்கு என்று அவர் மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப்போரிற் படையின் பயனுக்குத் தம் காப்புரிமைகளை இலவசமாக அளித்தார். 1945இல் அரசு ஆணையம் அதிர்வெண் பண்பேற்ற நிலையங்களை 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டைக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த பழைய ஏற்பிகள் பயனற்றன. 1948இல் ஆர்.சி.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். வினாக்களும் விசாரணைகளும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இடையில் 1950இல் காப்புரிமைக் காலமும் முடிந்தது. பொருள் கரைந்தது, உடல் தளர்ந்தது. இத்தனை பொறுமையுடன் குழாயை அளந்தவர், வழக்கிலே விட்டுக்கொடுக்கும் அளவை மட்டும் அறியாது போனார் என்று நமக்குத் தோன்றுகிறது. 1953 நவம்பரில் நேர்ந்த மனத்தாங்கலில் மனைவி பிரிந்து உடன்பிறந்தாள் வீட்டிற்குச் சென்றார். 1954 ஜனவரி 31 இரவு, அறுபத்துமூன்று வயதில், ஆர்ம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

வழக்குகளை மேரியன் அம்மையார் விடவில்லை. ஆர்.சி.ஏ. அவ்வாண்டே பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு இணங்கி வந்தது. எஞ்சிய நிறுவனங்களோடும் ஒன்றன்பின் ஒன்றாகப் போராடினார். கடைசி வழக்கில் 1967இல் வென்றார்.

அகலத்தைக் கொடுத்து இரைச்சலின்மையைப் பெறலாம் என்னும் இப்பரிமாற்றத்தைக் கிளாட் ஷானன் 1948இல் பொதுக் கணிதமாக விரித்தார். இன்றைய எண்ணியல் தொடர்புப் பாடங்கட்கு அதுவே அடித்தளம். சுழியத்திற்கு ஓர் அதிர்வெண், ஒன்றிற்கு வேறோர் அதிர்வெண் என அனுப்பும் முறையும் அதிர்வெண் பண்பேற்றத்தின் வழிவந்ததே, ஜி.எஸ்.எம். கைப்பேசிகளும் புளூடூத் கருவிகளும் அதன் திருந்திய வடிவங்களைக் கையாண்டன. நம் நாட்டில் அதிர்வெண் பண்பேற்ற ஒலிபரப்பு 1977இல் சென்னையிலேதான் தொடங்கிற்று. ஆல்பைன் கோபுரமோ 2001 செப்டம்பரில் உலக வணிக மையம் வீழ்ந்து நியூயார்க் தொலைக்காட்சி நிலையங்கள் தம் வான்கம்பிகளை இழந்தபோது, அவற்றுட் சிலவற்றிற்கு ஒலிபரப்ப இடமளித்தது.