மருந்து கண்ட சுப்பாராவ்

ஆந்திர நாட்டுப் பீமவரத்தில், 1895-ஆம் ஆண்டு, எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். இளமையில் தந்தையை இழந்தார், வறுமை வாட்டிற்று. ஆயினும் அன்னையார் மகனது கல்வியைக் கைவிட ஒருப்படவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அங்குக் கதராடை அணிந்தமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த சான்றிதழே கிடைத்தது. உடன்பிறந்தாரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவர் நெஞ்சை அறுத்தது.

1923-இல் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் படிக்க இடம் இருந்தது. கையில் பொருள் இல்லை. பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றில் இரவு வேளையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவிப் பிழைத்தார். மருத்துவம் கற்றவர் எத்தனை பேர் அப்பணிக்கு இசைவர்? குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை, ஃபிஸ்கே என்பாருடன் 1925-இல் வெளியிட்டார். எனினும் அங்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்திற் சேர்ந்து, ஆராய்ச்சித் தலைவராக உயர்ந்தார்.

அந்நாளில் பெனிசிலின் பல்லாயிரவரைக் காத்து வந்தது. ஆனால் அதற்கு அடங்காத கிருமிகள் பல இருந்தன. முன்பு அடங்கிய சீழ்க்கிருமிகளுள்ளும் சில, மருத்துவமனைகளிலேயே அதனை எதிர்த்து நிற்கத் தொடங்கின. புதிய மருந்து வேண்டுவதாயிற்று.

அதனை மண்ணில் தேடினர். குலசேகரன்பட்டினத்தை அடுத்த தேரியின் செம்மணலாயினும், தாமிரபருணிக் கரையின் வண்டலாயினும், ஒரு கையளவு அள்ளினால் அதில் கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் எண்ணிறந்தன உண்டு. இடத்துக்கும் இரைக்கும் அவை தம்முள் போரிடுகையில், சில தம் பகையைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சே நமக்கு மருந்தாகிறது. சுப்பாராவின் மேற்பார்வையில் பலவிடத்து மண் சோதிக்கப்பட்டது. எழுபது வயது கடந்த தாவர அறிஞர் பெஞ்சமின் டக்கர், மிசௌரி மாநில வயல் மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அது தந்த ஆரியோமைசின் 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெனிசிலினுக்கு அடங்காத டைபஸ் காய்ச்சலும் இதற்கு அடங்கிற்று. ஊசியின்றி வாய்வழியே உட்கொள்ளவும் இயன்றது.

அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்த அமினாப்டெரின் என்னும் மருந்தைப் பாஸ்டன் மருத்துவர் ஃபார்பர், குருதிப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு அளித்தார். சிலகாலமேனும் நோய் தணிந்தது. அதற்குமுன் அந்நோய்க்கு ஆளான குழந்தைகளைச் சாவினின்று விலக்க வழியே இருந்ததில்லை. எனினும் இதில் ஓர் இடர் உண்டு. இவ்வகை மருந்துகள் புற்றணுக்களை அழிக்கும்போதே, உடலைக் காக்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். காவலர் இல்லாத கோட்டையுள் எளிய பகைவனும் புகுவான்; பிறரை ஒன்றும் செய்யாத கிருமியும் அக்குழந்தையின் உயிரைக் குடிக்கும். ஆதலின் புற்றுநோய் மருத்துவத்துக்குக் கிருமி கொல்லும் மருந்து இன்றியமையாத் துணையாயிற்று. இவ்விரண்டும் ஒருவர் மேற்பார்வையில் உருவானமை வியப்புக்குரியது.

1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆரியோமைசினையும் வெல்லும் சீழ்க்கிருமிகள் மருத்துவமனைகளில் தோன்றின. உட்புகும் மருந்தை உடனே வெளியே இறைத்துவிடும் ஆற்றலைச் சில கிருமிகள் பெற்றுவிட்டன. புதிய மருந்துகளுக்கும் அந்நிலை நேர்ந்துவர, மண்ணைச் சோதிக்கும் பணி இன்றும் நடைபெறுகிறது. 1953-இல் அறிஞர் ஒருவர் புதிதாகக் கண்ட பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டார்.